மலையூரில் காடு வளர்ப்புத் திட்டத்தை மதிப்பிடப் போகிறவர்களுக்கு

சேர்வராயன் மலையில் ஒரு காடு வளர்ப்புத் திட்டம் முடிந்திருக்கிறது. "போய்ப் பார்த்து எப்படி நடந்தது என்று எழுதிக் கொடுங்கள்" என்று உங்களை அனுப்புகிறார்கள். நீங்கள் தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவராக இருக்கலாம், சமூகப்பணி படிக்கும் மாணவராக இருக்கலாம், ஊராட்சி உறுப்பினராகவும் இருக்கலாம். நான் அயோத்தியாப்பட்டணத்துக்காரி. இந்த மலையிலும் கல்வராயன், பச்சைமலைப் பக்கமும் பல வருடமாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். கூட வரும் பிள்ளைகளுக்கு வழியில் நடந்துகொண்டே சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மரங்களை எண்ணுவது இதில் சுலபமான பகுதி. திட்டத்தின் காசு நின்ற பிறகும் ஊர் அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்கிறதா, பார்த்துக்கொள்ள ஊருக்கு என்ன காரணம் இருக்கிறது என்பதுதான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது. கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

புறப்படுவதற்கு முன்

திட்ட அறிக்கை, நடவுப் பதிவேடு, எந்தச் சரிவில் எத்தனை ஹெக்டேர் என்று காட்டும் வரைபடம், திட்டம் தொடங்கும்போது நிலம் எப்படி இருந்தது என்று எடுத்த கணக்கு ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். அரசுப் பணத்தில் நடந்த திட்டமாக இருந்து, கேட்டும் கொடுக்கவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். அதனால் பயணத் தேதியை முடிவு செய்வதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். ரிசர்வ் காட்டுக்குள் போக வேண்டியிருந்தால் சேலம் மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் அனுமதியும் வாங்க வேண்டும்.

தொடக்கக் கணக்கு பல திட்டங்களில் இருக்காது. இருந்தாலும் "தரிசு நிலம்" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். தரிசு என்று எழுதிய இடத்தில் ஊரார் ஆடு மேய்த்திருப்பார்கள், சீமாற்றுப் புல் அறுத்திருப்பார்கள். பழைய செயற்கைக்கோள் படங்களைக் கணினியில் வருடவாரியாகப் பின்னால் தள்ளிப் பாருங்கள். அப்புறம் ஊரில் வயதானவர்கள் இரண்டு மூன்று பேரை உட்காரவைத்து, தரையில் குச்சியால் வரையச் சொல்லுங்கள். ஓடை எது, சுனை எது, ஆடு போகும் தடம் எது என்று அவர்களே கோடு போட்டுக் காட்டிவிடுவார்கள்.

செயற்கைக்கோள் படத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்திய வன அளவைத் துறையின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் 10 சதவீதத்துக்கு மேல் மர நிழல் இருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் எந்த இனம் என்று பார்ப்பதில்லை. ஏற்காட்டைச் சுற்றி சில்வர் ஓக் நிழலில் நிற்கும் காப்பித் தோட்டமெல்லாம் அந்தக் கணக்கில் காடாகவே வரும். அதனால் "இந்த வட்டாரத்தில் பசுமை கூடியிருக்கிறது" என்று யாராவது படம் காட்டினால், எந்த நிலத்தில் எந்த மரத்தால் கூடியது என்று கேளுங்கள். தமிழ்நாட்டின் வன, மரப் பரப்பை 33 சதவீதமாக்கும் இலக்கோடு 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கிய பிறகு இந்தக் கேள்விக்கு வேலை இன்னும் கூடிவிட்டது.

எந்த மாதம் போவது? ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின்னால் போனால் எல்லாச் சரிவும் பச்சையாகத்தான் தெரியும். மார்கழி, தை மாதத்தில் காப்பிப் பழம் பறிக்க ஊரே எஸ்டேட்டுக்குப் போயிருக்கும், பேச ஆள் கிடைக்காது. பங்குனி, சித்திரையில் போங்கள். பிழைத்த கன்று எது, செத்த கன்று எது என்று அப்போது தெளிவாகத் தெரியும். தீ வந்த தடமும் தெரியும். ஓடை எங்கே வற்றியது என்பதும் தெரியும்.

கயிறு கட்டி எண்ணுவது

இழுத்தால் நீளாத கயிறாகப் பார்த்து 5.64 மீட்டருக்கு வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் ஒருவர் குச்சி ஊன்றி நிற்க, இன்னொருவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வர வேண்டும். அந்த வட்டத்துக்குள் 100 சதுர மீட்டர் அடங்கும். உள்ளே இருக்கும் கன்றுகளை எண்ணி நூறால் பெருக்கினால் ஹெக்டேருக்கு எத்தனை என்று வந்துவிடும். சரிவில் கயிறு தரையோடு படுத்துவிடக் கூடாது, மட்டமாக நிற்க வேண்டும். மேட்டில் இருப்பவர் கயிற்றைக் காலருகே வைத்துக்கொள்ள, பள்ளத்தில் இருப்பவர் கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வட்டம் சுருங்கிக் கணக்கு தப்பாகிவிடும். மரங்கள் வளர்ந்து பெரிதாகிவிட்ட தோப்பு என்றால் 12.62 மீட்டர் கயிறு எடுத்துக்கொண்டு, எண்ணியதை 20ஆல் பெருக்குங்கள்.

கன்றை மட்டும் எண்ணாதீர்கள், குழியையும் எண்ணுங்கள். 3க்கு 3 மீட்டர் இடைவெளி என்று பதிவேடு சொன்னால் ஹெக்டேருக்கு 1,111 குழி இருக்க வேண்டும். உங்கள் வட்டத்துக்குள் சுமார் 11 குழி தெரிய வேண்டும். 11 குழியும் இருந்து 4 கன்றுதான் நிற்கிறது என்றால் அது தண்ணீர், ஆடு, தீ, மண் சம்பந்தப்பட்ட கதை. வட்டத்துக்கு வட்டம் 6 குழிதான் தெரிகிறது என்றால் மீதியை வெட்டவே இல்லை என்ற சந்தேகம் வரும், அதைக் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் "பிழைப்பு விகிதம் குறைவு" என்று ஒரே வரியில் எழுதினால் உழைத்துத் தோற்ற ஊருக்குக் கெட்ட பெயர் வந்துவிடும்.

வட்டம் எங்கே போடுவது என்பதைச் சேலத்தில் உட்கார்ந்தே வரைபடத்தில் கட்டம் போட்டு முடிவு செய்துவிடுங்கள். அங்கே போன பிறகு முடிவு செய்தால் கூட வருபவர் எங்கே நன்றாக வளர்ந்திருக்கிறதோ அங்கேதான் கூட்டிப்போவார். அது மனித இயல்பு, அவரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. சரிவின் உச்சி, நடு, அடி மூன்றிலும் வட்டம் விழ வேண்டும், உச்சியில் மண் ஆழம் குறைவு என்பதால். சேலத்தைப் பார்த்த அடிவாரச் சரிவு வறண்ட முட்காடு. மேலே ஈரமான சரிவு. இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை.

ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு கன்றையாவது குனிந்து பாருங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் விரலால் மண்ணைக் கொஞ்சம் விலக்கினால் போதும். நான்கு வருடக் கன்றுக்கு அந்த இடம் தடித்து, பட்டை சொரசொரப்பாகி, பக்க வேர் பிரிந்திருக்கும். விரல் தடிமன்கூட இல்லாத தண்டு, சுற்றிலும் நிறம் மாறாத புது மண், கீழே நாற்றங்கால் பாலித்தீன் பையின் கிழிசல் என்று இருந்தால், நீங்கள் வருவது தெரிந்து நட்டது. அதை "மறு நடவு" என்று தேதி ஊகத்தோடு தனியாகக் குறியுங்கள்.

நட்டதல்லாமல் தானாக முளைத்ததையும் எண்ண வேண்டும். உசிலை, வெப்பாலை, நாவல் எல்லாம் காவல் இருந்தாலே பல இடங்களில் தானாக எழுந்து வரும். அப்படி வந்திருந்தால் அது ஊர் காவல் காத்ததற்கு நல்ல சாட்சி. உண்ணிச்செடி வட்டத்தில் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்பதையும் கால், அரை, முக்கால் என்று எழுதுங்கள். மரங்களில் மேட்டுப் பக்கப் பட்டை கருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கருகல் இருந்தால், மாசிக்கு முன்னால் தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டி வராமல் இருக்கப் புல்லையும் சருகையும் அகற்றிய பட்டை) வெட்டினார்களா, வெட்டியது யார், கூலி வாங்கிக்கொண்டா வாங்காமலா என்று ஊரில் கேளுங்கள். கூலி நின்ற வருடத்திலும் கோடு வெட்டியிருந்தால் நீங்கள் தேடி வந்த பதிலில் பாதி கிடைத்துவிட்டது.

விறகும் ஆடும்

"திட்டத்தால் பயன் உண்டா?" என்று கேட்காதீர்கள். வந்தவர் மனம் நோகக் கூடாது என்று "உண்டுங்க" என்பார்கள். நேற்று அடுப்பு எரித்த விறகு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். காஸ் சிலிண்டர் இருக்கும் வீட்டிலும் வெந்நீருக்கும் சோற்றுக்கும் விறகுதான் எரிகிறது. விறகுக்குப் போகிறவர்களோடு விடியற்காலையில் நீங்களும் நடந்து போனால் இன்னும் நல்லது.

வெள்ளக்கடைப் பக்கம் ஒரு ஊரில் அப்படி ஒரு பாட்டியோடு நடந்தேன். "முன்னெல்லாம் ஓடைக்கு இந்தாண்டயே எடுத்துக்குவோம் கண்ணு. இப்ப அங்க கம்பி போட்டுட்டாங்க. அந்தப் பக்கம் சுத்திப் போயிட்டு வர மத்தியானம் ஆயிடுது" என்றார். அந்த ஊரின் திட்ட அறிக்கையில் கம்பி வேலி "பாதுகாப்புப் பணி நிறைவு" என்று இருந்தது, அதுவும் உண்மைதான். வேலிக்குள் கன்றுகள் நன்றாகவே நின்றன. ஆனால் பாட்டி சுற்றிப் போகும் அந்த மறுசரிவில் வெட்டுப்பட்ட மர அடிக்கட்டைகளை எண்ணிப் பார்க்காமல் அந்தத் திட்டத்துக்கு மதிப்பெண் போட முடியாது. ஒரு சரிவை அடைத்தால் விறகுத் தேவை குறைந்துவிடாது, பக்கத்துச் சரிவுக்கு நகரும். ஆடுகளும் அப்படியே. ஆகவே, திட்டம் நடக்காத பக்கத்து ஊருக்கும் அதே கயிறோடு போய்ச் சில வட்டம் போட்டுப் பாருங்கள். இரண்டு ஊருக்கும் மழை ஒன்றுதான் என்பதால், திட்டம் என்ன செய்தது, மழை என்ன செய்தது என்று பிரித்துப் பார்க்கவும் அது உதவும்.

யாரிடம் பேசுவது என்பதிலும் கவனம் வேண்டும். ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டரை முதலில் பார்த்து, வந்த காரியத்தைச் சொல்லிவிட வேண்டும், அது மரியாதை. அங்கேயே நின்றுவிடக் கூடாது. நிலமில்லாத வீடு, ஆடு மட்டும் வைத்திருக்கும் வீடு, கணவன் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போய்விட்ட வீடு என்று தேடிப் போங்கள். காட்டை அதிகம் நம்பியிருப்பது அவர்கள்தான். பெண்களிடம் பெண்கள் பேசுங்கள், சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து.

மரம் யாருடையது

மதிப்பீட்டு அறிக்கைகளில் இரண்டு வரியில் தாண்டிப் போகும் பகுதி இது. நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான்.

மக்களைச் சேர்த்துக்கொண்டு காட்டைக் காப்பது என்ற ஏற்பாடு 1990 ஜூனில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையில் இருந்து வருகிறது. தமிழ்நாட்டில் 1997இல் ஜப்பான் கடனுதவியோடு தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக்குழுக்கள் அமைத்தார்கள். குழுவுக்குக் கிடைத்தது விளைச்சலில் பங்கு என்ற வாக்கு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வேறு மாதிரி. நெல்லி, கடுக்காய், தேன் போன்ற சிறு வனப்பொருள் மீது உரிமையையும், ஊர் வழக்கமாகக் காத்துவந்த காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் உரிமையையும் அது கிராம சபைக்குக் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் உரிமைப் பட்டா கொடுப்பது 2016 வரை தள்ளிப்போனது.

ஆகவே ஊரில் கேளுங்கள்: இந்தச் சட்டப்படி ஊருக்குப் பொதுவாகக் கிடைக்கும் சமூக வன உரிமைக்கு மனுப் போட்டீர்களா, அது எந்த நிலையில் இருக்கிறது, இந்தத் தோப்பு அந்த எல்லைக்குள் வருகிறதா? உரிமை கேட்டு மனு நிலுவையில் இருக்கும் இடத்திலேயே நடவு செய்திருந்தால் அதை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். நடவுக்குக் கிராம சபை ஒப்புக்கொண்டது என்றால் தீர்மானப் புத்தகத்தைப் பாருங்கள். வன உரிமைச் சட்ட விதிப்படி கூடும் கிராம சபையில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். கையெழுத்தையும் கைநாட்டையும் எண்ணினால் தெரிந்துவிடும்.

மர இனத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. பலா, புளி, நெல்லி, கடுக்காய் என்றால் மரத்தை வெட்டாமலே வருடா வருடம் கைக்கு ஏதாவது வரும். தேக்கும் சில்வர் ஓக்கும் வெட்டினால்தான் காசு. பட்டா நிலத்தில் வைத்த மரமாக இருந்தாலும், அறிவிக்கப்பட்ட மலைப்பகுதியில் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். கன்று கொடுத்தவர்கள் இதை விவசாயியிடம் சொன்னார்களா? அனுமதிக்கு எங்கே போக வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா? தெரியாது என்றால் அவர் அந்தக் கன்றுக்குக் கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற மாட்டார், அதில் நியாயம் இருக்கிறது.

கணக்குப் புத்தகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழுவின் ரொக்கப் புத்தகம், வங்கிப் பாஸ்புக் இரண்டையும் வாங்கி, கடைசி வரவு என்றைக்கு என்று பாருங்கள். திட்டம் முடிந்த மாதத்தோடு வரவு நின்றிருந்தால் குழுவும் அன்றோடு நின்றிருக்கும். கூலிப் பட்டியலில் இருக்கும் பெயர்களில் ஐந்தாறு பேரைத் தேடிப் பிடித்து, எவ்வளவு வாங்கினீர்கள், யார் கையால் வாங்கினீர்கள் என்று கேளுங்கள். அடிவாரத்தில் இருந்து ஆள் கூட்டிவந்து குழி வெட்டியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

எழுதி முடிக்கும்போது

வரைவை ஊருக்கே எடுத்துப் போய்த் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். கிராம சபை நடக்கும் நாளாக இருந்தால் நல்லது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மறுத்துப் பேசினால் மறுப்பையும் அப்படியே அறிக்கையில் சேருங்கள். சில சமயம் நான் ஒரு எண்ணை வாசிக்கும்போதே யாராவது எழுந்து, "அந்த வருசம் கன்று வந்ததே மழை ஓஞ்சப்புறம்தானுங்க" என்பார்கள். நாற்று லாரி வந்த தேதியைப் பதிவேட்டில் பார்த்தால் அவர் சொல்வது சரியாக இருக்கும்.

கடைசியாக, நீங்கள் போட்ட ஒவ்வொரு வட்டத்தின் நடுப்புள்ளிக்கும் ஜிபிஎஸ் எண், கயிற்றின் நீளம், தேதி, பக்கத்தில் அசையாமல் நிற்கும் பாறையோ மரமோ எது என்ற குறிப்பு ஆகியவற்றை அட்டவணையாக இணைத்துவிடுங்கள். ஒரு பிரதி ஊரிலேயே இருக்கட்டும். ஐந்து வருடம் கழித்து வருகிறவர் அதே புள்ளியில் குச்சியை ஊன்றி எண்ண முடிய வேண்டும்.