புதிய பெர்ஃபார்மன்ஸ் கிளட்ச்: டவுனுக்குள் ஓட்டிப் பழக்குங்கள், ஈசிஆரில் வேண்டாம்

ரீமேப் செய்த (எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிப் பவர் ஏற்றிய) டர்போ கார்களில் முதலில் கையை விரிப்பது பெரும்பாலும் கிளட்ச்தான். நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி மேலே போகும், வண்டி அதே வேகத்தில் நிற்கும். சரி என்று காசைப் போட்டு ஒரு பெர்ஃபார்மன்ஸ் கிளட்ச் கிட் வாங்கி மாட்டுகிறோம். சாவி கைக்கு வந்த அன்றே ஈசிஆரில் மரக்காணம் தாண்டி ஒரு ஓட்டம். நாலைந்து ஓட்டத்தில் 800 கிலோமீட்டர் முடிந்துவிடும், 'பிரேக்-இன் (பழக்கும் ஓட்டம்) ஆச்சு' என்று அடுத்த நாளே லாஞ்ச் அடிக்கிறார்கள், அதாவது நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாய்ச்சுகிறார்கள். அந்த 800-ல் கிளட்ச் பழகியது மிகக் கொஞ்சம்.

காரணம் இதுதான். எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலின் முகம், கியர்பாக்ஸோடு சுற்றும் டிஸ்க்கின் லைனிங் (உரசும் பட்டை), டிஸ்க்கை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் முகம் மூன்றும் புதிதில் முழுப் பரப்பிலும் ஒட்டாது, அங்கங்கே மேடான இடங்கள்தான் தொடும். பெடலை விட்டு கிளட்ச் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் லேசாக உரசி, அந்த மேடுகள் தேய்ந்து, தொடும் பரப்பு கூடும். ஐந்தாவது கியரில் சீராகப் போகும்போது உரசலே இல்லை, மூன்றும் ஒன்றாகச் சுற்றுகின்றன. பல கிட்களில் டவுன் ஓட்டமாக 800 கிலோமீட்டர் என்று போட்டிருப்பது அதனால்தான். எண்ணவேண்டியது கிலோமீட்டரை அல்ல, கிளட்ச் பிடித்துவிட்ட தடவைகளை. உங்கள் கிட்டோடு வந்த தாளில் வேறு கணக்கு இருந்தால் அதுவே கடைசி வார்த்தை.

படி 1: எந்த டிஸ்க் என்று பாருங்கள்

முழு வட்டமாக, பிரவுன் நிறத்தில் லைனிங் இருந்தால் ஆர்கானிக். தினமும் ஆபீஸுக்கு ஓட்டும் காருக்கு, அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டோடு இதுவே போதும் என்பது என் கருத்து. நான்கு அல்லது ஆறு தனித்தனித் துண்டுகளாக இருந்தால் செராமிக் வகை. அது சட்டென்று பிடிக்கும், மெதுவாக நகரும்போது உதறும், அதன் குணமே அப்படி. கெவ்லார் என்றால் பழக்கும் ஓட்டத்தில் பொறுமை அதிகம் வேண்டும், அவசரப்பட்டால் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கிவிடும். பெட்டியில் ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3 என்று போட்டிருப்பது பொதுவான தர அளவு இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிக்குப் போட்டுக்கொள்வது.

படி 2: கியர்பாக்ஸ் ஏறும் முன் பக்கத்தில் நில்லுங்கள்

பின்னால் வரும் கோளாறுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. முடிந்தால் அன்று லீவு போட்டுவிட்டு ஷெட்டுக்குப் போங்கள்.

ஃப்ளைவீல் புதிதா, லேத்தில் ஃபேசிங் எடுத்ததா (முகத்தைச் சமமாகச் சீவியதா)? டூயல் மாஸ் (இடையில் ஸ்பிரிங் வைத்த இரட்டை) ஃப்ளைவீல் என்றால் பெரும்பாலும் லேத்துக்குக் கொடுக்க முடியாது, ஆட்டம் அதிகமாக இருந்தால் மாற்றவேண்டியதுதான். புதுப் பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்க மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பிரேக் கிளீனர் அடித்து வெள்ளைத் துணியால் துடையுங்கள், துணியில் கறை வராத வரை. நம் புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்து உப்புக் காற்றில் இன்னொரு தொல்லை உண்டு: ஃபேசிங் எடுத்த ஃப்ளைவீலை ராத்திரி ஷெட்டில் திறந்தபடி விட்டால், காலையில் செம்மண் நிறத்தில் ஒரு படலம் படிந்திருக்கும். மெல்லிய எமரித்தாளால் தேய்த்து, மறுபடி கிளீனர் அடித்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

டிஸ்க்கின் ஒரு பக்கத்தில் பெரும்பாலும் 'ஃப்ளைவீல் சைடு' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அதைப் போட்டோ எடுத்து வையுங்கள், திருப்பி மாட்டிவிட்டார்களோ என்ற சந்தேகம் பிறகு வராது. ஸ்ப்ளைனில் (டிஸ்க்கின் நடுவில் கியர்பாக்ஸ் தண்டு நுழையும் பற்களில்) கிரீஸ் சும்மா தடவினால் போதும், அள்ளிப் பூசினால் சுற்றும் வேகத்தில் அது லைனிங்கில்தான் போய்த் தெறிக்கும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, சுற்றுச் சுற்றாக, டார்க் ரெஞ்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானரில்) இறுக்கவேண்டும். கியர்பாக்ஸைத் தூக்கும்போது அதன் பாரம் டிஸ்க்கின் நடுவில் தொங்கக்கூடாது, தொங்கினால் டிஸ்க் வளையும். எஞ்சின் பின்பக்க ஆயில் சீலையும், பெடலை அழுத்தும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கையும் இப்போதே மாற்றிவிடுங்கள். பார்ட்ஸ் விலை கொஞ்சம்தான், கியர்பாக்ஸை இன்னொரு முறை இறக்கும் கூலிதான் வலிக்கும்.

படி 3: ஷெட்டை விட்டுக் கிளம்பும் முன்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுங்கள். எஞ்சின் ஓடட்டும். பெடலை முழுக்க அழுத்தி, சில நொடி அப்படியே வைத்துவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் சரியாக விடுகிறது. 'கர்ர்ர்' என்று அரைத்தால் விடவில்லை, அப்படியே வீட்டுக்கு ஓட்டிப்போகாதீர்கள். அப்புறம் முதல் கியர் போட்டு, பெடலை அழுத்தியபடியே ஹேண்ட்பிரேக்கை எடுங்கள். வண்டி முன்னால் நகரப் பார்த்தாலும் அதே கோளாறுதான். பெடல் தரையிலிருந்து எத்தனை விரல் உயரத்தில் பிடிக்கிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: பழக்கும் ஓட்டம்

ஆர்பிஎம் 3,500-க்குள், ஆக்சிலரேட்டர் பாதிக்குள். ஐட்லுக்குக் கொஞ்சம் மேலே வைத்து, இழுக்காமல், உதறவிடாமல் பெடலை விடுங்கள். நகர்ந்ததும் காலைப் பெடலிலிருந்து முழுக்க எடுத்துவிடுங்கள், மேலே சும்மா வைத்திருப்பதும் தப்பு.

இந்த வேலைக்குப் புதுச்சேரி மாதிரி ஊர் கிடைக்காது. இந்திரா காந்தி சதுக்கம், ராஜீவ் காந்தி சதுக்கம் இரண்டையும் தொட்டு ஆபீஸ் நேரத்தில் ஒரு சுற்று வந்தால், கிளட்ச் பிடித்துவிடுவதற்குப் பஞ்சமே இருக்காது. ஒயிட் டவுன் தெருக்கள் கட்டம் கட்டமாக இருப்பதால் ஒவ்வொரு முனையிலும் நின்று கிளம்பலாம். பீச் ரோட்டில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைப் பக்கம் போகாதீர்கள். அங்கே நின்று கிளம்புவது கிடையாது, ஹாஃப் கிளட்ச்சில் ஊர்வதுதான். இடைவெளி விட்டுப் பிடித்தால் கிளட்ச் பழகும், விடாமல் உரசினால் வெந்துவிடும்.

கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பம் முதல் திருப்பாதிரிப்புலியூர் வரை உள்ள ரோடே போதும். கேப்பர் மலை ஏற்றத்தை முதல் சில நாள் தவிருங்கள். போகவேண்டி வந்தால், நிற்கும்போது கிளட்ச்சில் தாங்கிப் பிடிக்காமல் ஹேண்ட்பிரேக் போடுங்கள். புதுச்சேரி-கடலூர் ரோட்டில் போய் வந்தால், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் நெரிசலில் ஓடியதை மட்டும் கணக்கில் சேருங்கள்.

முதல் சில நாளில் லேசாக வாடை வருவது சகஜம். மூக்கைத் துளைக்கும் அளவு வந்தால் ஓரங்கட்டி, இருபது நிமிடம் ஆறவிடுங்கள்.

படி 5: கோளாறு வந்தால்

கியர் விழவில்லை, ரிவர்ஸ் அரைக்கிறது: ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் இயங்கும்) கிளட்ச் என்றால் பெடலை வேகமாக மூன்று நான்கு முறை மிதித்துவிட்டுக் கியர் போட்டுப் பாருங்கள். இப்போது சுலபமாக விழுந்தால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரோ கியர்பாக்ஸ் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரோ போயிருக்கிறது. முதலில் கிளட்ச் ஆயில் அளவைப் பார்த்து, காற்றை எடுக்கச் சொல்லுங்கள். கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே ஸ்லேவ் இருக்கும் வண்டிகளில் காற்று பிடிவாதமாக ஒளிந்திருக்கும், ஒரே தடவையில் வராது. எத்தனை மிதி மிதித்தாலும் மாற்றமில்லையா? கோளாறு உள்ளே: டிஸ்க் வளைந்திருக்கும், திருப்பி மாட்டியிருக்கும், அல்லது ரிலீஸ் பேரிங்கின் நகர்வு இந்தப் பிரஷர் பிளேட்டுக்குப் போதவில்லை. கேபிள் வண்டி என்றால் அட்ஜஸ்ட்மென்ட்டைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஸ்லிப் ஆகிறது (முள் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை): கியர்பாக்ஸை இறக்கலாம் என்று யார் சொன்னாலும் முதலில் பெடலின் ஃப்ரீ பிளேயைக் கையால் அமுக்கிப் பாருங்கள். மேலே கொஞ்சம்கூடத் தளர்வு இல்லையென்றால் ரிலீஸ் பேரிங் எப்போதும் பிளேட்டை அமுக்கிக்கொண்டே இருக்கலாம். கேபிளையோ மாஸ்டர் சிலிண்டரின் புஷ்ராடையோ திருத்தினால் முடிகிற விஷயம். (சில வண்டிகளில் தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு உண்டு, அவற்றின் அளவை மேனுவலில் பாருங்கள்.) அது சரியாக இருந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் சீல் போயிருக்கிறது. எண்ணெய் குடித்த லைனிங்கைத் துடைத்துப் பயனில்லை, டிஸ்க்கை மாற்றவேண்டும்.

கிளம்பும்போது உதறுகிறது: ஆர்கானிக்கில் இது நாளுக்கு நாள் குறைகிறதா என்று பாருங்கள், குறைந்தால் விட்டுவிடலாம். கடற்கரைப் பக்கம் இரண்டு நாள் நிறுத்திய வண்டி, காலையில் முதல் ஓரிரு தடவை உதறினால் அது மேல்துரு. குறையவே இல்லையென்றால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டை முதலில் சோதியுங்கள், அதற்கு எதையும் இறக்கவேண்டாம்.

சத்தம்: பெடலை அழுத்தும்போது மட்டும் வந்தால் ரிலீஸ் பேரிங் மேல் சந்தேகம். நியூட்ரலில் வந்து, பெடலை அழுத்தினால் நின்றுபோனால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். டூயல் மாஸை எடுத்துவிட்டு லேசான ஒற்றை ஃப்ளைவீல் போட்டவர்களுக்கு நியூட்ரலில் கடகடவென்று ஒரு சத்தம் வரும். அது கோளாறு இல்லை, அதோடு வாழப் பழகவேண்டும்.

படி 6: கடைசிச் சோதனை

பழக்கும் ஓட்டம் முடிந்த பிறகு, ஆளில்லாத நேரான ரோட்டில் நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் போய், ஆக்சிலரேட்டரைப் படிப்படியாக முழுக்க அழுத்துங்கள். முள்ளும் வண்டியும் ஒன்றாக ஏறவேண்டும். முள் மட்டும் தாவினால் உடனே காலை எடுங்கள், திரும்பத் திரும்பச் செய்து பார்த்தால் லைனிங் கருகும். இன்னும் ஒரு வாரம் டவுனில் ஓட்டிவிட்டுச் சோதியுங்கள். ஃப்ரீ பிளே சரி, எண்ணெய்க் கசிவு இல்லை, அப்போதும் ஸ்லிப் ஆகிறது என்றால், ரீமேப் போட்டவரிடம் எத்தனை நியூட்டன் மீட்டர் ஏற்றினார் என்று கேட்டு, கிட் பெட்டியில் போட்டிருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவோடு ஒப்பிடுங்கள். பெட்டியில் உள்ளது குறைவாக இருந்தால் மெக்கானிக்கோடு சண்டை போட்டுப் பயனில்லை, ஒன்று மேப்பைக் குறைக்கவேண்டும், இல்லை பெரிய கிட்டுக்குப் போகவேண்டும்.