‘ஆநாடே’ என்று பெயர் வைத்தால் குறை குணமாகிவிடுமா?

பர்மாவின் யாங்கோனில் வளர்ந்த தமிழர் வாயில் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது ‘ஆநாடே’ வந்துவிடும். எதிரில் இருப்பவர் மனம் சங்கடப்படுமே என்று சொல்லவந்ததை விழுங்கிக்கொள்வதற்குப் பர்மியர் வைத்த பேர் அது. நல்ல பண்புதான். ஆனால் தன் குறையைத் தேடிப் புறப்படும் விசுவாசி முதலில் தடுக்கி விழுவதும் அதில்தான். குறைக்கு ஒரு நல்ல பேர் கிடைத்துவிட்டால் தேடலை அத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

என் கதையையே சொல்கிறேன். எங்கள் ஜெபக்குழுவில் கிறிஸ்மஸ் செலவுக்கு மாதாமாதம் கொஞ்சம் கியாட் பணம் சேர்ப்போம். கணக்கு நோட்டு ஒரு சகோதரர் கையில். மூன்று மாதக் கணக்கு இடித்தது. அவரிடம் நான் வாயே திறக்கவில்லை, ஆநாடே. ஆராதனை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தபோது மட்டும் வேறு இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: “அவர்கிட்ட சொல்லத்தான் ஆநாடேயா? அவரைப் பத்திச் சொல்ல இல்லையா?”

எல்லாருக்கும் நல்லவனாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் உள்ளே உட்கார்ந்திருந்தது. குற்றம் செய்த சகோதரனிடம் தனியே போய்ப் பேசு என்கிறது மத்தேயு 18:15. மறுவாரம் போனேன். ரசீதெல்லாம் நோட்டின் பின்னட்டைக்குள் மடித்து வைத்திருந்தார். டீக்கடையில் நான் விட்ட வார்த்தையைத் திரும்ப வாங்க இன்னும் இரண்டு டீ செலவானது.

அடுத்தது, பாவத்தை மொத்த விலைக்கு அறிக்கையிடுவது. “ஆண்டவரே, நான் பெரும் பாவி” என்று சபையில் உரக்கச் சொல்ல யாருக்கும் கூச்சமில்லை. நேற்று யாரிடம், என்ன பொய் சொன்னேன் என்பதுதான் தொண்டையில் சிக்கும். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு அப்படி மழுப்பவில்லை; சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலு மடங்கு என்று கணக்கோடு பேசினான்.

முன்கோபிகள், அப்போஸ்தலன் பவுல் தன்னை வாட்டியதாகச் சொன்ன ‘முள்’ளைச் சாக்காக எடுத்துக்கொள்வார்கள்: “இது என் மாம்சத்தின் முள், ஐயா.” அந்த முள் என்னவென்று பவுல் சொல்லவேயில்லை. அது நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டதாக மட்டும் 2 கொரிந்தியர் 12-இல் எழுதுகிறார். இவர்கள் ஒரு தரமாவது கேட்டிருப்பார்களா?

இதற்கு நேரெதிரான ஆட்களும் உண்டு. ஒரே தவறை வருஷக்கணக்காகக் கிளறி அழுதுகொண்டே இருப்பார்கள். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும் அழுதார், ஆனால் திரும்பி வந்து அவரோடு மீன் சாப்பிட உட்கார்ந்தார்.

தனியாக உட்கார்ந்து யோசித்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்பதும் தப்புக்கணக்கு. “தன் பிழைகளை உணருகிறவன் யார்?” என்று சங்கீதம் 19 கேட்பது சும்மா இல்லை. கூடவே வாழ்கிறவர்களைக் கேட்க வேண்டும், கேட்டபின் குறுக்கே பேசக் கூடாது. நான் போன வாரம் சோற்றில் கை வைத்தபடியே மனைவியிடம் கேட்டேன்.

“இப்பவே சொல்லவா, சாப்பிட்டு முடிச்சப்புறம் சொல்லவா?” என்றாள்.