சுடுவதற்கல்ல, வரைவதற்குப் புள்ளி: பேரழிவுக்குப் பின்னான விளையாட்டுக்கு ஒரு செய்முறை

பேரழிவுக்குப் பின்னான உலகில் ரோல்பிளேயிங் விளையாட்டு (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் கணினி விளையாட்டு) அமைக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியில்தான் தொடங்குகிறார்கள். எலியைச் சுட்டால் அனுபவப் புள்ளி. நூறு எலியைச் சுட்டால் வீரன் திடீரென்று பூட்டுத் திறப்பதில் வல்லவனாகிவிடுவான். இதில் என்ன நியாயம் இருக்கிறது? வழி சொல்ல ஆளில்லாத ஊரில் பிழைப்பவன் கற்க வேண்டியது எது எங்கே இருக்கிறது என்பதைத்தான். ஆகவே நம் விளையாட்டில் வரைபடமே அனுபவம். களம் திருநெல்வேலிச் சீமை. கருவி கோடோ (Godot), விளையாட்டு உருவாக்க இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள்.

படி 1: தண்ணீரிலிருந்து களம்

தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து கால்வாய்கள் பிரிகின்றன. கால்வாய் குளத்தை நிரப்புகிறது. நிரம்பிய குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்குப் போகிறது. விளையாட்டுக்கான வழித்தடம் தயாராகவே இருக்கிறது. முழு ஆற்றுக்கும் ஆசைப்படாதீர்கள். சுத்தமல்லி அணைக்கட்டு, அங்கே பிரியும் நெல்லைக் கால்வாய், அதைச் சார்ந்த சில குளங்கள் போதும். அகலம் 20, உயரம் 15 என்று 300 கட்டங்கள் போடுங்கள்.

அழிவுக்குக் காரணமாகக் கூடங்குளம் அணு உலையை இழுக்கத் தோன்றும். எல்லாருக்கும் அதுதான் முதலில் தோன்றும், விட்டுவிடுங்கள். மடையைத் திறக்கவும் தூர் வாரவும் ஆளில்லாமல் போனாலே போதும். சில குளம் வற்றும், சில குளம் உடையும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

படி 2: உண்மைக்கு ஓர் அடுக்கு, அறிவுக்கு ஓர் அடுக்கு

கோடோவில் இரண்டு டைல் அடுக்குகளை, அதாவது கட்டம் கட்டமாக நிரப்பும் படத்தளங்களை, உருவாக்குங்கள். கீழே உண்மையான நிலம். மேலே விளையாடுபவர் அறிந்த நிலம். மேலடுக்கின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்: 0 தெரியாதது, 1 கேள்விப்பட்டது, 2 கண்டது, 3 பதிந்தது. பலரும் 0, 2 ஆகியவற்றோடு நிறுத்திவிடுவார்கள். கறுப்புத் திரை விலகும், அவ்வளவுதான். சுவை இருப்பது 1-இல்.

உதாரணமாக, தாமிரபரணியின் மேலுள்ள சுலோச்சன முதலியார் பாலத்தடியில் ஒரு பாட்டி இருக்கிறாள். 1843-இல் திறந்த பாலம். அழிவுக்குப் பின்னும் சில வளைவுகளாவது நிற்கட்டும். "மேற்கே ரெட்டைப் பனையைத் தாண்டினால் குளத்தில் தண்ணீர் கிடக்கிறது தம்பி" என்கிறாள். உடனே வரைபடத்தில் புள்ளிக்கோட்டில் ஒரு குளம் விழ வேண்டும், ஆனால் சரியான இடத்தில் அல்ல. உண்மையான கட்டத்திலிருந்து ஒன்று அல்லது இரண்டு கட்டம் தள்ளி, ஏதாவது ஒரு திசையில். விளையாடுபவர் தேடிப் போகிறார். பனை இருக்கிறது, கரை இருக்கிறது, கரையில் உடைப்பும் இருக்கிறது. உள்ளே கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பாட்டி பொய் சொல்லவில்லை, அவள் பார்த்த காலம் வேறு. புள்ளிக்கோட்டை அழித்து உடைந்த குளத்துக்கான குறியை அவர் கையாலேயே போட வேண்டும். விளையாட்டு தானாகப் போட்டுவிட்டால் அத்தனையும் வீண். 2007-இல் நிண்டெண்டோ டிஎஸ் என்ற இரட்டைத்திரைக் கையடக்கக் கருவிக்கு வந்த ஏட்ரியன் ஒடிசி என்ற விளையாட்டு கீழ்த்திரையில் விளையாடுபவரையே கோடு போடவைத்தது. அந்த முறையைத்தான் பின்பற்றுகிறோம்.

படி 3: புள்ளிக் கணக்கு

புதிய கட்டத்தில் கால்வைத்தால் 1 புள்ளி. மடை, மறுகால், பாலம் போன்ற 12 அடையாளங்களைப் பதிந்தால் தலா 20. தவறான 6 தகவல்களைத் திருத்தினால் தலா 40. எல்லாம் ஒரு முறைதான். அதே கட்டத்தில் நூறு முறை நடந்தாலும் பயனில்லை. மொத்தம் 300 + 240 + 240 = 780.

அடுத்து, புள்ளி சேரச் சேர ஏறும் நிலைகள். 1997-இல் வந்த ஃபால்அவுட் என்ற பேரழிவுக்குப் பின்னான விளையாட்டில் இரண்டாம் நிலைக்கு 1000, மூன்றாவதற்கு 3000, நான்காவதற்கு 6000 என்று எல்லை ஏறும். அதே வடிவத்தைச் சிறிதாக்குங்கள்: 50, 150, 300, 500, 750. கடைசி எல்லைக்கும் மொத்தத்துக்கும் 30 புள்ளிதான் இடைவெளி. ஆறாம் நிலையை எட்ட ஆறு தவறுகளையும் திருத்தியாக வேண்டும். எதிரிகளை வைத்தால் வையுங்கள், அவர்களுக்குப் புள்ளி கிடையாது.

படி 4: நிலை ஏறினால் என்ன கிடைக்கும்?

உடல்வலுவைக் கூட்டாதீர்கள். கரைமேல் ஏறினால் கூடுதலாக ஒரு கட்டம் தெரியட்டும். பழைய சர்வே வரைபடத்தைப் படிக்க வரட்டும். கேள்விப்பட்ட தகவலின் பிழை ஒரு கட்டமாகக் குறையட்டும்.

படி 5: ஓலையும் தேரியும்

விளையாடுபவர் வரைபடம் வரைவது பனை ஓலையில். வரைய வரம்பு வேண்டும். ஓர் ஓலைக்கு எட்டுக் குறிகள் என்று வையுங்கள். ஓலை தீர்ந்தால் பனை தேட வேண்டும், அல்லது பழைய குறி ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எதை விடுவது என்று விளையாடுபவர் திணறும் இடம் இது, இதை எளிதாக்கிவிடாதீர்கள்.

இரண்டாவது களம் அமைக்கும்போது திசையன்விளைப் பக்கம் போங்கள். தேரி என்னும் மணல்மேட்டின் செம்மணல் காற்றில் இடம்மாறும். ஆகவே அங்கே 2 என்று இருக்கும் கட்டம், விளையாட்டுக்குள் பத்து நாள் கழிந்ததும் 1-க்கு இறங்கட்டும். ஓலையில் பதிந்த 3 மட்டும் இறங்காது.

சோதிக்கும்போது சேமிப்புக் கோப்பில் இரண்டு அடுக்கும் தனித்தனியாகப் பதிவாகின்றனவா என்று பாருங்கள். கேள்விப்பட்ட குளம் விலகி நிற்கும் அளவையும் அதில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ஆட்டத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பாட்டி சொன்ன குளம் வேறு இடத்துக்கு ஓடிவிடும்.