ரோட்டுக்குக் கீழே போன முன்னறை: ஓதத்தை நிறுத்த

மதுரையின் பழைய தெருக்களில் ரோட்டு மேல் ரோடு போட்டே, படி ஏறிப் போன வீடுகளுக்கு இப்போது படி இறங்க வேண்டியிருக்கிறது. அந்த முன்னறையைப் படுக்கையறை ஆக்குபவர்கள் செய்யும் முதல் தப்பு, உப்புப் பூத்த சுவரை இடுப்பளவுக்குச் சிமென்ட் பூசி மூடுவது. சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுத்தான் காயும். வழியை அடைத்தால் ஓதம் பூச்சுக்குப் பின்னாலேயே ஏறி நெஞ்சளவில் பூக்கும்.

தரையில் இரண்டடிச் சதுர பாலிதீன் தாளை ஓரம் முழுக்க டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அடிப்பக்கம் வியர்த்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேல்பக்கம் மட்டும் வியர்த்தால் காற்றோட்டம்தான் குறை. எக்ஸாஸ்ட் ஃபேன் போதும்.

மண் ஈரம் என்றால் தை, மாசியில் வேலையைத் தொடங்குங்கள். மாடித் தண்ணீர்க் குழாய் சுவரடியில் கொட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். உப்புக் கோட்டுக்கு ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்தி, செங்கல்களுக்கு நடுவிலுள்ள காரை இணைப்புகளை முக்கால் அங்குலம் சுரண்டுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி வாரி வெளியே கொட்டுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி செங்கலுக்குள் போய்விடும். பிறகு இரண்டு மாதமாவது சுவர் காயட்டும்.

தரையை எட்டு அங்குலம் தோண்டுங்கள். அஸ்திவார அடிமட்டத்துக்குக் கீழே போகவே கூடாது. குழியில் தண்ணீர் ஊறி நின்றால் இந்த முறை போதாது, சம்ப்பும் மோட்டாரும் வேண்டும். ரோட்டு மண் அணைந்த சுவரில் மட்டும், குழியடியிலிருந்து ரோட்டு மட்டத்துக்கு அரையடி மேல்வரை, 1:3 சிமென்ட் பூச்சின் மேல் வாட்டர்புரூஃப் சிமென்ட் கோட்டிங் இரண்டு கை: முதல் கை படுக்கையாக, அடுத்தது நெட்டாக. குழியில் ஜல்லியை நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்பித் திம்சுக்கட்டையால் இடித்து, மேலே மணல் தூவி, 250 மைக்ரான் பாலிதீனைத் தாள் மேல் தாள் ஓரடி ஏறும்படி விரித்து, சுவரோரம் அரையடி மேலே மடக்குங்கள். அதன்மேல் நான்கு அங்குலக் கான்கிரீட், சிமென்ட், மணல், ஜல்லி 1:1.5:3. பத்துக்குப் பத்து அறைக்குச் சிமென்ட் 8 மூட்டை, மணல் 15 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 30 கன அடி பிடிக்கும்.

கோட்டிங் முடியும் கோட்டுக்குச் சற்று மேலே, காரை இணைப்பில், நான்கரை அங்குலத்துக்கு ஒரு 12 மி.மீ. துளை போடுங்கள். சுவர்க் கனத்தில் ஒன்றரை அங்குலம் மட்டும் மிச்சம் வைத்துத் துளைத்து, சிலேன் கிரீமை (சுவருக்குள் ஊறி ஓதம் மேலே ஏறாமல் தடுக்கும் பசை) நிரப்புங்கள். மேல்சுவருக்குச் சுண்ணாம்பு–மணல் 1:3 பூச்சும் வெள்ளையடிப்பும்தான். கொத்தனார் புட்டி, எமல்ஷன் என்பார், விடாதீர்கள்.

கழிவறையும் கீழேயே வருமானால் சாக்கடைக் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தெருச் சாக்கடை எதிர்த்து வீட்டுக்குள் பொங்கும்.