உங்கள் மேல் தினமும் எவ்வளவு புற ஊதாக் கதிர் படுகிறது? ஒரு எளிய கணக்கு

வானிலைச் செயலி காட்டும் யுவி (புற ஊதா) குறியீட்டை, வெயிலில் இருந்த மணி நேரத்தால் பெருக்கி, மறுபடி 0.9 ஆல் பெருக்குங்கள். வருவது எஸ்இடி அளவு, அதாவது தோலைச் சிவக்கவைக்கும் கதிர் எவ்வளவு பட்டது என்பதன் அலகு. ஒரு எஸ்இடி என்பது சதுர மீட்டருக்கு 100 ஜூல். குறியீடு 8, அரை மணி நேரம் என்றால் 3.6. வெளிறிய தோல் சிவக்க 2 எஸ்இடி அளவே போதும். கருத்த தோல் இன்னும் நிறையத் தாங்கும்.

கணக்கு தப்புவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். செயலியில் பெரிதாகத் தெரியும் எண் அன்றைய உச்சம், நண்பகலுக்கானது. காலை எட்டு மணிக்கு நடந்தவர் அதைப் போட்டால் விடை எங்கோ போய்விடும். மணிவாரி எண்ணையே எடுங்கள். துணி உலர்த்தியது, பஸ்ஸுக்கு நின்றது என்று ஐந்தைந்து நிமிடங்களையும் சேருங்கள். பலரும் விடுவது அதைத்தான்.

வானம் அகலமாகத் தெரியும் நிழலில் பாதியளவுகூட வந்து சேரலாம், நிழல்தானே என்று பூஜ்யம் போடாதீர்கள். ஜன்னல் கண்ணாடி, தோலை அதிகம் சிவக்கவைக்கும் யுவி-பி வகைக் கதிரைப் பெருமளவு தடுக்கும், அலைநீளம் கூடிய யுவி-ஏ வகையை அவ்வளவாகத் தடுக்காது. இன்னொன்று: குறியீடு சமதளத்துக்கானது. நிமிர்ந்து நிற்பவரின் தோளும் மூக்கும் ஏறக்குறைய முழுதாக வாங்கும். கன்னம் குறைவாகவே வாங்கும்.

செயலி கையில் இல்லையா? உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் வலுவாக இருக்கும் நேரம் அது.