விடுதி அறைச் சுவர்: குறைந்த செலவில் அலங்கரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறை ஒதுக்கப்படும் முன்பே சுவரில் ஒட்டும் பொருள்களை இணையத்தில் வாங்கி வைத்துக்கொள்வது, கல்லூரி விடுதிக்குப் புதிதாக வரும் மாணவர்கள் பலரும் செய்யும் முதல் தவறு. அலங்காரப் படங்களில் நாம் பார்ப்பவை வழுவழுப்பாக எமல்ஷன் (ஈரத்துணியால் துடைத்தாலும் நிறம் போகாத பெயின்ட்) பூசப்பட்ட, ஒருவருக்கு மட்டுமே உரிய அறைகள். தமிழ்நாட்டு விடுதிகளில் பெரும்பாலும் கிடைப்பதோ, இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும், ஆண்டுக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்றாக வெள்ளையடித்த அறை. அங்கே ஒட்டிய பொருள் ஒரு வாரத்தில் விழுந்துவிடும். விழாவிட்டால், அறையைக் காலி செய்யும்போது பூச்சோடு சேர்ந்து பெயர்ந்து வரும். இரண்டிலும் பணம் வீண்தான், ஆனால் இரண்டாவதில் விடுதியில் சேரும்போது கட்டிய காஷன் டெபாசிட்டிலும் கழித்துக்கொள்வார்கள். ஆகவே கையில் இருப்பது 500 ரூபாயோ 1,000 ரூபாயோ, அதை எதில் செலவிடுவது என்று முடிவெடுப்பதற்கு முன் சுவர் எப்படிப்பட்டது என்று பார்த்துவிட வேண்டும்.

அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. உலர்ந்த உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெண்பொடி அப்பினால், அது சுண்ணாம்போ, தண்ணீரில் கலக்கி அடிக்கும் மலிவான டிஸ்டம்பரோ அடித்த சுவர். இதில் எவ்வளவு விலையுயர்ந்த டேப்பை ஒட்டினாலும் அது பிடிப்பது மேலே தளர்ந்து கிடக்கும் பொடியைத்தான். இரண்டு நாளில் பொடியை அள்ளிக்கொண்டு டேப் கீழே வந்துவிடும். கை சுத்தமாக இருந்து, ஈரத்துணியால் துடைத்தும் நிறம் ஒட்டாவிட்டால் அது எமல்ஷன் சுவர் என்று கொள்ளலாம். பழைய விடுதிகள் பலவற்றில், அழுக்குப் படிந்தால் கழுவுவதற்கு வசதியாக, தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரம் வரை எனாமல் பெயின்ட் அடித்திருப்பார்கள். அந்தப் பளபளப்பான பட்டைதான் அறையிலேயே டேப் நன்றாகப் பிடிக்கும் இடம், எடுக்கும்போது தடம் குறைவாக விழும் இடமும் அதுதான். ஆனால் கண்ணில் படும் உயரம் வேண்டும் என்று எல்லோரும் அதை விட்டுவிட்டு, மேலே உள்ள சுண்ணாம்புப் பகுதியில்தான் ஒட்டுகிறார்கள்.

ஒட்டும் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறுகளே அதிகச் செலவு வைப்பவை. நுரைப்பஞ்சு வைத்த இருபக்க டேப் மலிவு, பிடிமானமும் அதிகம். அந்தப் பிடிமானமே பிறகு சிக்கலாகிறது. பெயின்ட் சுவரைப் பிடித்திருப்பதைவிட டேப் பெயின்டை இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதால், இழுக்கும்போது பெயின்ட் உரிந்து, சில இடங்களில் பெயின்டுக்கு அடியில் சமப்படுத்தப் பூசிய பட்டியும் சேர்ந்து வந்துவிடும். மரவேலைக்கான வெள்ளைப் பசையைச் சுவரில் தடவுவது அதைவிட மோசம், ஏனென்றால் காய்ந்தபின் காகிதத்தைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சினிமா சுவரொட்டி ஒட்டுவதுபோல் மைதா பசை காய்ச்சி ஒட்டலாம் என்ற யோசனையும் விடுதிகளில் அடிக்கடி எழும். மைதா உணவுப்பொருள் என்பதால் எறும்பும் கரப்பானும் அதைத் தேடி வரும், படுக்கைக்கு அருகில் ஒட்டியிருந்தால் இரவில் தெரியும்.

இழுத்தால் நீண்டு விடுபடும் ‘கமாண்ட்’ வகை ஒட்டுப்பட்டைகள் எமல்ஷன், எனாமல் சுவர்களுக்கு நல்லவை. பொடி உதிரும் சுவருக்கும் சொரசொரப்பான சுவருக்கும் உதவாதவை. அவற்றை வாங்குபவர்களும் பயன்படுத்துவதில் தவறுகிறார்கள். ஒட்டும் இடத்தைத் துடைத்து உலரவிட்டு, பட்டையை நன்றாக அழுத்தி, குறைந்தது ஒரு மணி நேரம் கழித்தே அதில் எடையைத் தொங்கவிட வேண்டும். எடுக்கும்போது உங்களை நோக்கி இழுக்கக் கூடாது; பட்டையின் வாலைப் பிடித்துச் சுவரை ஒட்டியபடியே, நேர்கீழாக, மெதுவாக இழுத்துக்கொண்டே வர வேண்டும். அப்போது பட்டை ரப்பர்போல நீண்டுகொண்டே வந்து தானாகவே சுவரை விடும். அவசரத்தில் முன்பக்கமாக வெடுக்கென்று இழுத்தால் பெயின்டும் கூடவே வரும்.

ஆணி அடிப்பதைப் பெரும்பாலான விடுதிகள் தடை செய்கின்றன, அதில் நியாயம் இருக்கிறது. செங்கல் சுவரின் உட்பூச்சு பொதுவாக 12 முதல் 15 மில்லிமீட்டர் கனம்தான். சிறிய ஆணி அந்தப் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போவதில்லை. அது கொஞ்ச நாளில் ஆடத் தொடங்கி, உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு விழும். அனுமதி இருந்தாலும் சுவிட்ச் போர்டுக்கு நேர்மேலும் நேர்கீழும் ஒருபோதும் ஆணி அடிக்கக் கூடாது. சுவருக்குள் புதைத்த மின்கம்பிக் குழாய் வழக்கமாக அந்த நேர்கோட்டில்தான் செல்லும். கம்பியில் ஆணி பட்டால் உயிருக்கே ஆபத்து.

சுவரைத் தொடாமலேயே அலங்கரிக்கும் வழிகளைப் பலர் கவனிப்பதே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். முன்பு தங்கியவர்கள் கொசுவலை கட்ட அடித்த ஆணிகள் அநேகமாக எல்லா அறைகளிலும் இருக்கின்றன. உறுதியாக இருக்கும் இரண்டுக்கு நடுவே, அல்லது ஓர் ஆணிக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே, சணல் கயிறு கட்டினால், சிறு மரக் கிளிப்புகளில் இருபது புகைப்படங்கள் வரை தொங்கவிடலாம். இரும்பு பீரோ இருந்தால் அதன் பக்கம் முழுவதும் காந்தத்துக்கு உரிய இடம். கடைகளில் விளம்பரத்துக்காகத் தரும் காந்தத் தகடுகளே அதற்குப் போதும். ஆனால் கயிற்றை மின்விசிறிக்கு நேரெதிரே கட்டிவிடக் கூடாது. இரவு முழுவதும் தாள்கள் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு படத்தின் கீழ் முனையிலும் இன்னொரு கிளிப்பை எடைக்காக மாட்டினால்தான் ஓரளவு அடங்கும்.

மழைக்காலத்தை மறந்துவிட்டு ஆனி, ஆடி மாதங்களில் எல்லாவற்றையும் ஒட்டி முடிப்பது இன்னொரு பெரிய தவறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையின்போது, சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வெளிப்புறச் சுவர்களில் ஓதம் (ஈரக்கசிவு) ஏறும். மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறைகளில் கூரையிலிருந்தும் இறங்கும். அப்படிப்பட்ட சுவரில் பெரிய தாளை நான்கு பக்கமும் அடைத்து ஒட்டினால், ஈரம் வெளியேற வழியின்றித் தாளுக்குப் பின்னால் பூஞ்சை படரும். பிளாஸ்டிக் சுவர்த்தாளும் பிளெக்ஸும் இதில் இன்னும் மோசம், ஏனென்றால் அவை காற்றே புகவிடாதவை. அலங்காரத்துக்கு இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள உட்சுவரைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. சுவரில் உப்புப் பூத்த வெண்திட்டோ, குமிழாக எழும்பிய பெயின்டோ, விளிம்பு பழுப்பேறிய கறையோ இருந்தால், அந்த இடம் மழையில் நனைகிறது என்று பொருள். தரைத்தள அறைகளில் அட்டைப்பெட்டிகளை வெட்டிச் சுவரில் சாய்த்து வைப்பதையும் தவிர்க்கலாம், கரையான் அதைத்தான் முதலில் தேடி வரும்.

ஒட்டும் சுவர்த்தாளை வாங்க நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். 45 சென்டிமீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்ட சுருள் ஏறத்தாழ 24 சதுர அடியைத்தான் மூடும். பத்துக்குப் பத்து அடிச் சுவருக்கு நான்கு சுருள்கள் போதாது, ஐந்தாவதும் வாங்க வேண்டியிருக்கும். ஒரு சுருளின் விலையை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் பாதிச் சுவரோடு நிற்பது அதனால்தான்.

படம் அச்சிடுவதில் பணத்தை மிச்சப்படுத்த நிறைய வழி உண்டு, கெடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஏ4 தாள் தெளிவாக அச்சாக வேண்டுமானால் படம் குறைந்தது 1,240 × 1,754 பிக்சல் இருக்க வேண்டும். தேடல் முடிவுகளில் தெரியும் சிறு படத்தை அப்படியே சேமித்து ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினால் மங்கலாகத்தான் வரும். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும் என்பதால், ஆவணமாக அனுப்புவதே சரி. பெரிய படம் வேண்டும் என்று பிளெக்ஸ் கடைக்கு ஓட வேண்டியதில்லை. ஒரே படத்தை ஒன்பது ஏ4 தாள்களாகப் பிரித்து அச்சிட்டு, வெள்ளை ஓரங்களை வெட்டிச் சேர்த்தால் ஏறக்குறைய 2 × 3 அடி படம் கிடைக்கிறது. கருப்பு வெள்ளையில் அழுத்தமான ஒளிநிழல் உள்ள படமாக இருந்தால் அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. தாள்களைச் சுவரில் வைத்து ஒவ்வொன்றாக ஒட்டினால் கோடு கோணும்; தரையில் கவிழ்த்துப்போட்டு, பின்பக்கத்தில் டேப் ஒட்டி ஒரே தாளாக்கிய பிறகே சுவருக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொரு எளிய வழி, ஆண்டு முடிந்ததும் வீட்டில் கழித்துப்போடும் மாதக் காலண்டர்கள். சிவகாசியில் அச்சாகும் அந்தத் தாள் கனமானது, வண்ணம் நல்லது, மேலே தொங்கவிடத் தகடும் இருக்கிறது. செய்தித்தாளை மட்டும் வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள், சில வாரங்களிலேயே பழுப்பேறிவிடும்.

மின்விளக்குச் சரங்களில் சிக்கனம் பார்ப்பது ஆபத்தானது. பண்டிகைக் கடைகளில் கிடைக்கும் மலிவான சீரியல் செட்டுகள் 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாக எரிபவை; மெல்லிய உறை எங்கேனும் கிழிந்திருந்தால், அதை இரும்புக் கட்டிலில் சுற்றி வைத்தவர் மீது மின்சாரம் பாயும். போன் சார்ஜரில் இணைக்கும் 5 வோல்ட் யு.எஸ்.பி. சரம் சற்றே விலை கூடினாலும் அதைத்தான் வாங்க வேண்டும். தெர்மாகோலுக்கும் துணிக்கும் மேலாக விளக்குச் சரம் ஓட்டுவதும், அவற்றின் அருகே கொசுவத்தி ஏற்றுவதும் வேண்டாம், தெர்மாகோல் நொடியில் பற்றிக்கொள்ளும்.

எதை எங்கே வைப்பது என்பதில் உயரம்தான் பெரும்பாலும் தவறுகிறது. கண்காட்சிகளில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்படி மாட்டுவார்கள், ஏனென்றால் அங்கே எல்லோரும் நின்றபடி பார்க்கிறார்கள். விடுதி அறையில் நாம் உட்கார்ந்தும் படுத்தும்தான் இருக்கிறோம். மேசைக்கு எதிரே வைப்பதை நாற்காலியில் அமர்ந்த கண்ணின் உயரத்துக்கு இறக்கினால்தான் அது நமக்குப் பயன்படும். அறைத் தோழர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பொதுச் சுவரை எடுத்துக்கொள்வதும் கூடாது. அவரவர் கட்டிலை ஒட்டிய சுவர் அவரவருக்கு என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டால் பிறகு மனக்கசப்பு வராது.

சுவரின் கறை, விரிசல் எல்லாவற்றையும் ஒரேயடியாக மறைக்க நினைப்பவர்களுக்கு நான் துணியைத்தான் சொல்வேன். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்று ஐந்தரை மீட்டர் நீளம் இருக்கும். இரண்டாக மடித்துக் கயிற்றில் போட்டால் கட்டிலின் நீளத்தையும் தாண்டி மறைக்கும். புதிதாக வாங்குவதானால், சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனையின் கோடவுன் தெருவில் துணியையும், ஆண்டர்சன் தெருவில் தாளையும் பார்க்கலாம். துணியில் தூசி படியும் என்பதால் மாதம் ஒரு முறை கழற்றித் துவைக்க வேண்டும், தும்மலும் இளைப்பும் உள்ளவர்கள் தலைமாட்டில் தொங்கவிடாமல் இருப்பது நல்லது.

அறைக்குள் நுழைந்த அன்றே, ஏற்கெனவே இருக்கும் ஆணித்துளைகளையும் உரிந்த இடங்களையும் தேதி தெரியும்படி படமெடுத்து வார்டனுக்கு அனுப்பிவிடுங்கள். முன்பு இருந்தவர் செய்த சேதத்துக்கு உங்களிடம் பணம் பிடிப்பது அதனால் நிற்கும். காலி செய்யும் வேலையைக் கடைசி நாளுக்குத் தள்ளாமல் இரண்டு நாள் முன்பே தொடங்குங்கள். டேப்பின் பிசினை எடுக்க எனாமல் பகுதியில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் போதும், ஆனால் டிஸ்டம்பர் சுவரில் எண்ணெய் பட்டால் அந்தக் கறை போகவே போகாது. துளைகளைப் பற்பசையால் அடைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஹார்டுவேர் கடையில் கொஞ்சம் பட்டிமாவு வாங்கிக் குழைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்திவிடுங்கள்.