வாங்கும் துணியை உடுத்துவோமா? கடையிலேயே கணிக்க ஒரு வழி

ஆடித் தள்ளுபடியில் ஆசையாக எடுத்த புடவை, பொங்கல் வந்தும் மடிப்புக் கலையாமல் கிடக்கிறதா? பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கடையில் ‘பிடித்திருக்கிறதா’ என்று மட்டுமே பார்க்கிறோம். பிடித்த துணி வேறு, உடுத்துகிற துணி வேறு. இரண்டாவதை ஓரளவு முன்கூட்டியே கணித்துவிடலாம். ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதல் படி: பீரோவைக் கணக்கெடுங்கள்

ஹேங்கரில் தொங்கும் எல்லாவற்றையும் கொக்கியின் முனை உங்களைப் பார்த்திருக்கும்படி திருப்பி மாட்டுங்கள். உடுத்தித் துவைத்தபின் வழக்கம்போல் மாட்டுங்கள். அடுக்கி வைக்கும் புடவைகள் என்றால், துவைத்து வந்ததை எப்போதும் வலது ஓரத்தில் வையுங்கள்; தொடாதவை தாமாகவே இடப்பக்கம் ஒதுங்கும். மூன்று மாதத்தில் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். முகூர்த்தப் பட்டுகளை இதில் சேர்க்க வேண்டாம், அவற்றின் வேலையே வேறு. அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர்கள் இந்த வாரம் கொடியில் காய்பவற்றையும் இஸ்திரிக்குப் போகும் மூட்டையையும் பார்த்தால் போதும். அதில் இருப்பவைதான் உங்கள் ஆடைகள்.

இரண்டாம் படி: பொது அம்சம் என்ன?

நோட்டில் இரண்டு பத்தி: அடிக்கடி உடுத்துபவை, உடுத்தாதவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே துணி வகை, கை நீளம், கழுத்து, பை உண்டா, எப்படித் துவைக்க வேண்டும் என்று எழுதுங்கள். நிறத்தைக் கடைசியில் எழுதினால் போதும். நிறத்துக்காக வாங்குகிறோம், ஆனால் ஒதுக்கி வைப்பது பெரும்பாலும் வேறு எதற்காகவோதான்.

செட்டிநாட்டுப் பருத்திப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டம் கட்டமாக, அகலக் கரையோடு, பார்த்தால் விட மனம் வராது. அது விறைப்பாக நிற்க வேண்டுமானால் கஞ்சி போட்டு, நிழலில் காய வைத்து, ஈரம் தெளித்து இஸ்திரி போட வேண்டும். திங்கட்கிழமை காலை ஏழரை மணி பஸ்ஸைப் பிடிப்பவருக்கு அந்த நேரம் எங்கே? கஞ்சி போட வீட்டில் ஆளோ நேரமோ இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

மூன்றாம் படி: கடையில் செய்ய வேண்டிய சோதனை

துணியின் ஒரு மூலையைக் கைக்குள் கசக்கிப் பிடித்து விடுங்கள். சுருக்கம் அப்படியே நின்றால், உட்கார்ந்து எழுந்ததும் மடியிலும் அதே கதி. உள்ளங்கையை உள்ளே விட்டு விளக்கு வெளிச்சத்தில் பிடியுங்கள்; விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் லைனிங் செலவு காத்திருக்கிறது. தைத்த உடை என்றால் கையை மேலே தூக்கிப் பாருங்கள், பஸ் கம்பியைப் பிடிக்க வேண்டாமா?

ஏசி காற்றில் எல்லாத் துணியும் சுகமாகத்தான் இருக்கும். பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளக்கூடியது. பாலியஸ்டருக்கு அது அரை சதவீதம்கூட இல்லை. சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் அந்த வித்தியாசத்தை முதுகு சொல்லும்.

நான்காம் படி: தேதியும் துணைச் செலவும்

எப்போது உடுத்துவீர்கள்? ‘ஆபீசுக்கு’, ‘ஏதாவது விசேஷத்துக்கு’ என்ற பதிலெல்லாம் செல்லாது. அடுத்த ஒரு மாதத்துக்குள் இரண்டு நாட்களைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியவில்லை என்றால் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நான்கு புடவைகளைப் பிரித்துக் காட்டிய விற்பனையாளர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். அதற்காக வாங்கினால் அந்தச் சங்கடம் பீரோவுக்குள் வந்து குடியேறும்.

அடுத்து, அந்தத் துணி உடுத்தும் நிலைக்கு வர இன்னும் என்னென்ன வேண்டும்? புடவைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்க வேண்டும், ரவிக்கை தைக்க வேண்டும். ரவிக்கை தைக்காமலே கிடக்கும் புடவைகள் எத்தனை என்று உங்கள் பீரோவையே கேளுங்கள். வீட்டில் இருக்கும் ரவிக்கை ஏதாவது பொருந்தினால் கணிப்பில் நல்ல மதிப்பெண் கொடுக்கலாம்.

ஐந்தாம் படி: எண்ணாக எழுதுங்கள்

ஆறு மாதத்தில் எத்தனை முறை உடுத்துவீர்கள்? மனதில் தோன்றும் எண்ணை நம்ப வேண்டாம். பீரோவில் இதே வகைத் துணியை எத்தனை முறை உடுத்தினீர்கள் என்பதில் தொடங்கி, ஒன்றிரண்டு மட்டும் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். பிறகு விலையையும் துணைச் செலவையும் கூட்டி அதனால் வகுங்கள். 1,800 ரூபாய் புடவை, தையல் 600. நான்கு முறை உடுத்தினால் ஒரு முறைக்கு 600 ரூபாய். 899 ரூபாய் குர்தியை 30 முறை போட்டால் ஒரு முறைக்கு 30 ரூபாய்தான்.

எத்தனை முறை உடுத்துவீர்கள் என்று கணித்த எண்ணைப் பில்லின் பின்பக்கம் எழுதி, தேதியும் போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிடும்போது எப்போதும் கூடுதலாகவே கணித்திருப்பது தெரிந்தால், அடுத்த முறை தோன்றும் எண்ணைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் வாங்குபவர்கள் மூன்றாம் படியை வீட்டில் செய்யலாம், விலைச்சீட்டைக் கிழிக்காமல், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.